செவிக்கெட்டா ஒலியும் திண்டுக்கற் பூட்டும்

ஒலி என்பது செவிக்குப் புலனாவது என்று கொள்வதே உலக வழக்கு. செவி ஏற்காத ஒலியும் ஒன்று உண்டு என்று கூறின், அதனை முரண்பட்ட கூற்றென்று தமிழ் பயில்வார் எண்ணுதல் கூடும். எனினும் உண்மை அதுவே. மாந்தர் செவி நொடியொன்றுக்கு 20 அதிர்வு முதல் 20,000 அதிர்வு வரையுள்ள ஒலிகளையே ஏற்கும். முதுமை வந்துழி அவ்வெல்லை இன்னுஞ் சுருங்கும். 20,000 அதிர்வுகளைக் கடந்த ஒலியை மீயொலி என்று பாடநூலார் வழங்குவர். ஊரார் வாயில் அதற்குப் பெயர் ‘ஸ்கேன்’. கருவுற்ற மகளொருத்தி இருக்கும் வீட்டில், ‘ஸ்கேன் பார்த்தாயிற்றா?’ என்று அயலார் வினவாத நாள் இன்று திண்டுக்கல்லில் இல்லை.

அக்கருவியில் மருத்துவர் கையிற் பிடித்து வயிற்றின்மீது நகர்த்தும் சிறு உறுப்பொன்று உண்டு. அதனையே ஈண்டுப் பேசப் புகுந்தேன். தமிழ் மாணவி ஒருத்திக்கு இதில் என்ன வேலை என்று பௌதிகத் துறை நண்பர்கள் நகைத்தல் வேண்டா. ஒரு பொருளை அடக்குதற்கென்று நாடு தனிச் சட்டம் இயற்றியிருக்குமாயின், அப்பொருள் யாது, அஃது எங்ஙனம் தொழிற்படுகின்றது என்று அறிதல் நாட்டினர் அனைவர்க்கும் உரிய கடன். மேலும், இவ்வழக்கில் யான் முற்றிலும் நடுநிலையாளல்லேன். 1992-ஆம் ஆண்டு சேலத்தில் தொடங்கிய தொட்டிற் குழந்தைத் திட்டம் 2001-ஆம் ஆண்டு எங்கள் திண்டுக்கல் மாவட்டத்திற்கும் விரிக்கப்பட்டது. அதற்குச் சில ஆண்டுகட்குப் பின்னர் இம்மாவட்டத்திற் பிறந்த பெண் யான். வேண்டா எனக் கருதும் பெண் மகவைக் கொல்லாது, தொட்டிலிலிட்டுச் செல்க என்று அரசு தாய்மாரை இரந்து கேட்கவேண்டிய நிலை இருந்த மண் இது.

ஸ்கேன் கருவியைப் பற்றி இரு கட்சிகள் உண்டு. ‘பெண் மக்களைக் கருவிலேயே அழித்தது இப்பொறியே, இது வாராதிருப்பின் நன்று’ என்பது ஒன்று. ‘பொறிக்கு என்ன தெரியும்? குற்றம் மக்களுடையது, சட்டமோ மருத்துவரை வாட்டுகின்றது’ என்பது மற்றொன்று. இரண்டினையும் கேட்டிருக்கின்றேன். இரு கட்சியாரும் அக்கையுறுப்பின் உள்ளே யாதுளது என்று பாராமலே வழக்குரைக்கின்றனர் என்பது என் எண்ணம். பார்த்தபின் பேசுவோம்.

கதை கல்லிலே தொடங்குகின்றது. திண்டுக்கல்லிலிருந்து வேடசந்தூர் வழியே கரூர் நோக்கிச் செல்வார், சாலையின் இருமருங்கிலும் மானாவாரிக் காடுகளில் வெள்ளை வெளேரென்று சிதறிக் கிடக்கும் கற்களைக் கண்டிருப்பர். வெங்கச்சங்கல் என்று அவற்றை அழைப்போம். இருளில் இரண்டு கற்களை ஒன்றோடொன்று உரசின் உள்ளே மின்மினிபோல் ஒளி தோன்றும். இளமையில் இவ்விளையாட்டு ஆடாதார் எங்கள் பக்கத்தில் இலர். இக்கல்லும், கண்ணாடி போல் தெளிந்த படிகக்கல்லும் கனிப்பொருள் வகையால் ஒன்றே, குவார்ட்ஸ் என்பர்.

இன்னொரு கல் ஈழத்தது. சிங்களர் ‘தோரமல்லி’ என்ற அக்கல்லை ஒல்லாந்த வணிகர் 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பாவிற்குக் கொண்டு சென்றனர். தணலருகே சூடேறியவிடத்து அது சாம்பற்றுகளை இழுக்கவும் தள்ளவும் கண்டு அவர்கள் வியந்தனர். டூர்மலின் என்று ஐரோப்பியர் இன்று கூறும் பெயர் அச்சிங்களச் சொல்லின் திரிபே. சூடு பட்டால் மின்னேறும் கல், அழுத்தம் பட்டாலும் மின்னேறுமோ என்று ஐயுற்றவர் பாரிசு நகரத்து உடன்பிறந்தார் இருவர்: ழாக் கியூரி, பியர் கியூரி. 1880-இல் அவர்கள் டூர்மலின், குவார்ட்ஸ் முதலிய படிகங்களை முறைப்படி அறுத்து, எடையிட்டு அழுத்தி, ஒருமுகத்தில் நேர்மின்னும் மறுமுகத்தில் எதிர்மின்னும் தோன்றுதலைக் காட்டினர். படிகத்தின் அணுக்கட்டு இருபுறமும் ஒத்திராமையால், அழுத்தும்போது நேர்மின்னின் நடுவும் எதிர்மின்னின் நடுவும் விலகிப் போகின்றன. அவ்விலக்கமே மின்னாக வெளிப்படுகின்றது. அழுத்தம் மின்னாகுமாயின், மின்னும் அழுத்தமாதல் வேண்டும் என்று லிப்மன் என்பார் 1881-இற் கணித்துக் கூறினர். கியூரி உடன்பிறந்தார் அவ்வாண்டே அதனையுஞ் சோதித்து மெய்ப்பித்தனர். மின்னூட்டினால் படிகம் தடிக்கும். மாற்றி ஊட்டினால் மெலியும். நொடிக்குப் பல இலட்சம் முறை மாற்றி மாற்றி ஊட்டின் படிகம் அத்துணை முறையும் அதிர்ந்து மீயொலி எழுப்பும். எதிரொலி வந்து தாக்கின், அதே படிகம் அதனை மின்னாக்கித் திருப்பித் தரும். வாயும் செவியும் ஒரே உறுப்பாக அமைந்த விந்தை இதுவே.

இவ்விந்தை ஏறத்தாழ முப்பத்தைந்து ஆண்டுகள் ஆய்வுக்கூடத்துப் பொருளாகவே கிடந்தது. போர் வந்து அதனை வேலைக்கிழுத்தது. முதல் உலகப் போரில் செருமானியரின் நீர்மூழ்கிகள் கப்பல்களைக் கவிழ்த்தபொழுது, பியர் கியூரியின் மாணவராகிய பால் லாஞ்செவின், குவார்ட்ஸ் துண்டுகளை இரு எஃகுத் தகடுகளுக்கிடையே பதித்து, 1917-இல் நீரினுள் மீயொலி செலுத்தி எதிரொலி பெறும் வழி கண்டார். எஃகினால் இருபுறமும் அணைத்தமையால் அதிர்வின் வேகங் குறைந்து, கடலுக்கு ஏற்ற அளவிற்கு வந்தது. கருவி பெருவழக்கிற்கு வருமுன் 1918-இற் போர் முடிந்தது.

தமிழர் பங்கு இதில் உண்டோ என்று கேட்பார்க்கு ஒரு செய்தி. திருச்சிராப்பள்ளியிற் பிறந்த சர். சி. வி. இராமன், நாகேந்திரநாத் என்பாரோடு சேர்ந்து, மீயொலி செல்லும் நீர்மத்தின் ஊடே ஒளி புகுங்கால் அது பல கதிர்களாகப் பிரிவது ஏன் என்பதற்கு 1935, 1936 ஆகிய ஆண்டுகளில் பெங்களூரிலிருந்து விளக்கம் எழுதினார். ஒலி நீர்மத்தை நெருக்கியும் நெகிழ்த்தும் வரிவரியாக்குகின்றது. ஒளிக்கு அவ்வரிகள் சீப்பின் பற்கள் போல் அமைகின்றன. இராமன்–நாத் கொள்கை என்று உலகம் அதனை இன்றும் வழங்குகின்றது. காணவொண்ணா ஒலியைக் கண்ணாற் காணும் வழிகளுக்கு அஃது அடிப்படை. நோபல் பரிசு பெற்ற ‘இராமன் விளைவு’ ஒன்றனையே நம் பள்ளிகள் கற்பிக்கின்றன. இதனை மாணாக்கர் பலர் கேள்வியுற்றதும் இலர்.

இற்றை நாட் கருவிகளில் இயற்கைப் படிகம் அருகிவிட்டது. ஈயம், சிர்க்கோனியம், டைட்டானியம் ஆகிய மூன்றன் ஆக்சைடுகளைப் பொடியாக்கிக் கலந்து, அழுத்தி, 1,200 பாகை செல்சியசிற்கு மேற்பட்ட சூட்டிற் சுட்டெடுத்த ஒருவகைப் பீங்கானே 1950-களின் நடுவிலிருந்து ஆட்சி செய்கின்றது. சூளையிலிருந்து வந்தவுடன் அதற்கு அழுத்தமின் குணம் இல்லை. உள்ளேயுள்ள நுண்படிகங்கள் திசைக்கொன்றாய் நோக்கிக் கிடத்தலின், ஒன்றன் மின்னை மற்றொன்று அழித்துவிடும். ஆதலின் இருமுகத்தும் வெள்ளி பூசி, சூடான எண்ணெயில் மூழ்குவித்து, மில்லிமீட்டர் ஒன்றிற்குச் சில ஆயிரம் வோல்ட்டு வீதம் மின்னழுத்தம் ஏற்றுவர். அப்போது நுண்படிகங்கள் பெரும்பாலும் ஒரே திசைக்குத் திரும்புகின்றன; அழுத்தத்தை நீக்கியபின்னும் அவ்வாறே நிற்கின்றன. இவ்வாறு பெற்ற குணத்தை, அதே பீங்கான், கலவைக்குத் தக்கபடி 200 முதல் 350 பாகை வரை சூடேறினால் இழந்துவிடும். உள்ளிருக்கும் பசைகளோ அதனினும் மிகக் குறைந்த வெப்பத்திலேயே விட்டுப்போம். இதனாலேயே, அறுவைக் கத்தியைக் கொதிநீராவியிலிடுவது போல இவ்வுறுப்பை இடுதல் கூடாது. கைதவறித் தரையில் விழுந்தாலோ பீங்கானுக்கு நேர்வதே இதற்கும் நேரும்.

பீங்கானின் கனம் தன் விருப்பப்படி வைக்கத்தக்கதன்று. அதன் உள்ளே ஒலி நொடிக்கு ஏறத்தாழ 4,000 மீட்டர் செல்லும். நொடிக்கு 35 இலட்சம் அதிர்வு வேண்டுமாயின், அலைநீளத்திற் பாதியளவு, அதாவது அரை மில்லிமீட்டரைச் சற்றே கடந்த கனம் இருத்தல் வேண்டும். அதிர்வு மிகுதியாக வேண்டின் பீங்கான் இன்னும் மெல்லியதாதல் வேண்டும். அதிர்வு மிகுந்தால் நுண்மை மிகும். ஆயின் ஒலி உடம்பினுள் ஆழச் செல்லாது. தைராய்டு முதலிய மேலுறுப்புகளைப் பார்க்க ஒன்றும், கருப்பையைப் பார்க்க மற்றொன்றுமாக மருத்துவர் வெவ்வேறு கையுறுப்புகளை வைத்திருத்தல் இதுபற்றியே.

பீங்கானின் பின்புறத்தே டங்ஸ்டன் பொடி கலந்த பிசின் கட்டி ஒன்று ஒட்டியிருக்கும். அதன் வேலை அடக்குதல். கோயில் மணியை ஒருமுறை அடித்தால் நெடுநேரம் ஒலிக்கும். அடித்தவுடனே கையை வைத்தாலோ ‘டங்’ என்று நின்றுபோம். ஸ்கேனுக்கு வேண்டுவது இரண்டாவதே. ஒலி நீண்டுகொண்டே போயின், அடுத்தடுத்துள்ள இரு பொருள்களின் எதிரொலிகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து குழம்பும். இரண்டு மூன்று அதிர்வோடு அடங்கிவிடல் நன்று. முன்புறத்தே வேறொரு சங்கடம் உண்டு. பீங்கான் வலியது, உடம்போ மெலியது. நேரே ஒட்டி வைத்தால், ஒலியாற்றலில் ஐந்தில் நான்கு பங்கு எல்லையிலேயே திரும்பிவிடும். ஆகவே வலிமையில் இரண்டிற்கும் இடைப்பட்டதோர் ஏட்டை, அலைநீளத்திற் காற்பங்கு கனத்தில், நடுவில் வைப்பர். அதற்கும் முன்னே ஒலியைக் குவிக்கும் ரப்பர் வில்லை. இவையனைத்தும் அமைந்தும், தோலுக்கும் வில்லைக்கும் இடையே மயிரிழையளவு காற்று நின்றால் ஆயிரத்திற் பெரும்பங்கு ஒலி திரும்பிவிடும். வயிற்றுள் ஒன்றும் புகாது. அதற்காகவே அந்தக் குளிர்ந்த கூழைத் தடவுகின்றனர். என் தமையனார் மனைவியார் முதன்முறை சென்றபோது அக்கூழே மருந்தென்று எண்ணியிருந்தார். எத்தனை நாள் தடவவேண்டும் என்று செவிலியாரைக் கேட்டுமிருக்கின்றார். கேட்டது தவறன்று. சொல்லாததே தவறு.

பீங்கான் ஒரே துண்டாக இருப்பதுமில்லை. வைரத்தூள் பதித்த மெல்லிய வாளினால், நுண்ணிய இடைவெளி விட்டு, நூற்றிருபத்தெட்டு துண்டுகளாக அதனை அறுப்பதுண்டு. ஒவ்வொன்றிற்கும் தனித்தனிக் கம்பி. கருவியின் வடம் அத்துணை விலைபெறுவதும், மடங்கி நசுங்கினால் படத்தில் கருங்கோடு விழுவதும் இதனாலே. துண்டுகள் அனைத்தையும் ஒருங்கே அதிரச் செய்தால் ஒலி நேரே செல்லும். ஒன்றன்பின் ஒன்றாகச் சிறிதே தாழ்த்தி அதிரச் செய்தால் ஒலிக்கற்றை சாயும். நம் விளையாட்டு வெளியில் அணிவகுத்து நடக்கும் மாணவர் வரிசை வலப்புறம் திரும்புங்கால், ஓரத்தவன் நின்ற இடத்திலேயே காலடி வைக்க, மற்றை ஓரத்தவன் விரைந்து நடத்தலைக் கண்டிருப்பீர். அஃது ஒருபுடை இதற்கு ஒப்பு. கையை அசையாது வைத்துக்கொண்டே ஒலியை இங்குமங்கும் திருப்புதலும், வேண்டிய ஆழத்திற் குவித்தலும் இவ்வாறே நிகழ்கின்றன.

இனிக் கணக்கு. உடம்பினுள் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 1,540 மீட்டர் செல்லும். ஒரு சென்றிமீட்டர் ஆழம் போய்வர 13 மைக்ரோநொடி. 15 சென்றிமீட்டர் ஆழத்திற்கு 195 மைக்ரோநொடி. ஒலியெழுப்புதற்கு ஆவதோ ஒரு மைக்ரோநொடியளவே. எஞ்சிய காலமெல்லாம் அவ்வுறுப்பு வாய்மூடிக் கேட்டுக்கொண்டிருக்கின்றது. நொடிக்கு ஐயாயிரம் முறை இவ்வாறு கூவிக் கேட்டு, 128 வரிகள் கொண்ட படமாயின் நொடிக்கு நாற்பது படம் வரைகின்றது. இருநூற்றில் ஒரு பங்கு பேசி, எஞ்சியதெல்லாம் கேட்கும் பண்பு, சொற்போர் மன்றத்து நண்பர்கட்குத் தெரியவேண்டுவதொன்று.

இவ்வளவும் கூறியது ஏனெனில், அவ்வுறுப்பு அறிவது இரண்டே இரண்டு என்று காட்டுதற்கே: எதிரொலி எவ்வளவு நேரங் கழித்து வந்தது, எவ்வளவு வலிமையோடு வந்தது. ஆண், பெண் என்னும் சொல் அந்தப் பீங்கானிலும் இல்லை, கம்பியிலும் இல்லை. திரையின்முன் இருக்கும் மனிதக் கண்ணிலேயே அச்சொல் பிறக்கின்றது. வாய்திறந்து சொல்லும்போது அது செய்தியாகின்றது. கேட்ட குடும்பத்தாரிற் சிலரிடத்தே அது தீர்ப்பாகின்றது.

அதே உறுப்பு எங்கள் ஊர்ப் புகைவண்டி நிலையத்தருகே நாள்தோறும் வேறு வேலை செய்கின்றது. தண்டவாளத்தின்மேல் சிறு தள்ளுவண்டி ஒன்றை இருவர் மெல்ல நடத்திச் செல்வர். அடியில் நீர் சொட்டிக்கொண்டே வரும். மருத்துவமனைக் கூழுக்கு அங்கே அந்நீர் ஈடு. எஃகின் உள்ளே கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு இருப்பின் எதிரொலி முந்தி வந்து காட்டிக்கொடுக்கும். நேர்கீழே நோக்கும் பீங்கானும், 70 பாகை சாய்த்து நோக்கும் பீங்கானும் அவ்வண்டியில் உண்டு. அதற்கெனத் தனித் தண்டனைச் சட்டம் யாரும் கேட்டிலர். வெடிப்பைக் கண்டார் தண்டவாளத்தை மாற்றுவர். அதில் வருந்துவார் யாருமிலர்.

ஊர்ப்பட்டறைக்குரிய அப்பொறியே மகப்பேற்று மருத்துவத்திற்கு வந்தது என்பதும் நினைக்கத்தக்கது. கிளாஸ்கோ நகரத்து மருத்துவர் ஐயன் டொனால்ட், கொதிகலன் செய்யும் தொழிற்சாலையில் எஃகுக் குற்றம் பார்க்கும் மீயொலிக் கருவியை 1955-இல் அறுவையில் எடுத்த கட்டிகளின்மீது வைத்துப் பார்த்தார். 1958-இல் ‘லான்செட்’ இதழில், மக்வீகார், பிரவுன் என்னும் இருவரோடு சேர்ந்து அவர் எழுதிய கட்டுரையே இத்துறைக்கு வித்து. இந்த டொனால்ட் ஆழ்ந்த கிறித்தவப் பற்றாளர். கருக்கலைப்பைக் கடுமையாக எதிர்த்தவர். பிரித்தானியாவில் 1967-இல் அதனை ஒருவாறு இசைந்து சட்டம் வந்தபோது அதனை எதிர்த்துப் பேசிவந்தவர். கருவிலுள்ள குழவியின் உருவைக் கண்டால் மக்கள் உள்ளம் இளகும் என்று அவர் நம்பினர். நம் நாட்டில் அவ்வுருவைக் கண்டபின்னர் நேர்ந்தது யாது என்பதனை நாம் அறிவோம். பொறியைச் செய்தவன் உள்ளம் பொறியோடு கூட வருவதில்லை போலும்.

‘பொறியே கொலைகாரன்’ என்பார்க்கு என் விடை இதுவே. 1986-ஆம் ஆண்டு சூன் மாதம் ‘இந்தியா டுடே’ இதழ் உசிலம்பட்டியின் பெண் சிசுக் கொலையை நாடறியச் செய்தபோது, அங்குள்ள ஏழை வீடுகளில் ஸ்கேனைக் கண்டாரே இலர். உசிலம்பட்டி எங்கள் வத்தலக்குண்டிற்குத் தெற்கே அண்மையிலுள்ளது. பிறந்தபின் நிகழ்ந்த கொடுமையைப் பொறி பிறக்குமுன் நிகழ்வதாக மாற்றிற்று, மறைவாக்கிற்று, அழுகுரலின்றி முடித்தற்கு இடந்தந்தது. தீமையைப் படைத்தது பொறி அன்று. ஆயினும் அதனை எளிதாக்கியது பொறியே. எளிதாக்கியதை ஒன்றுமில்லை என்று தள்ளுவாரோடு யான் உடன்பட மாட்டேன்.

ஆகவே சட்டம் வேண்டும். 1994-இல் இயற்றி 1996 சனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்து 2003-இல் திருத்தம் பெற்ற சட்டத்தின்படி, கருவின் பாலினத்தைச் சொல்லாலோ குறிப்பாலோ எவ்வகையாலும் தெரிவித்தல் குற்றம். ஸ்கேன் நிலையம் ஒவ்வொன்றும் பதிவுபெறல் வேண்டும். பதிவில்லார்க்குக் கருவி விற்றலும் குற்றம். கருவுற்றார் ஒவ்வொருவர்க்கும் ‘எஃப்’ படிவம் எழுதி வைத்தல் வேண்டும்; அதிற் குறையிருப்பின், மாறாக நிறுவும்வரை, சட்டத்தை மீறியதாகவே கொள்ளப்படும். முதற் குற்றத்திற்கு மூன்றாண்டு வரை சிறையும் பதினாயிரம் ரூபாய் வரை தண்டமும். எழுத்துப் பிழைக்கும் கொலைத்துணைக்கும் ஒரே தண்டனையோ என்று மகப்பேற்று மருத்துவர் சங்கத்தார் உச்சநீதிமன்றஞ் சென்றனர். 2019-இல் நீதிமன்றம் அதனை ஏற்கவில்லை. ஏற்காதது நன்றே என்பேன். இக்குற்றத்திற்குச் சான்று அப்படிவம் ஒன்றே. கேட்டவரும் சொன்னவரும் வாய்திறவார். தமிழ்நாட்டில் ஆறு வயதிற்குட்பட்ட ஆண் மக்கள் ஆயிரவர்க்குப் பெண் மக்கள் 1991-இல் 948 ஆக இருந்து, 2001-இல் 942 ஆகக் குறைந்து, 2011-இல் 943-இல் நின்றனர். சரிவு நின்றது, குறை நீங்கவில்லை.

எனின், சட்டத்தின்பால் எனக்கு மனக்குறை இல்லையோ எனின், ஒன்று உண்டு. அதனைச் சொல்லுதற்கு எங்கள் ஊர்ப் பூட்டு உதவும். திண்டுக்கற் பூட்டிற்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்குள் பட்டறைகள் பெரும்பாலும் அவிந்துபோயின என்பது வேறு கதை. கையாற் பூட்டுச் செய்வார் ஒரே வகைப் பூட்டைச் செய்வதில்லை. மாங்காய்ப் பூட்டு வேறு, அலமாரிப் பூட்டு வேறு, பெட்டிப் பூட்டு வேறு. மணிப்பூட்டு என்று ஒன்று உண்டு. சாவி திருகுந்தோறும் உள்ளே மணியடிக்கும். வீட்டார்க்குத் தெரியாமல் திறத்தல் இயலாது. பூட்டு வாங்க வந்தாரிடம், ‘எதைப் பூட்ட?’ என்பதே கடைக்காரர் முதல் வினா.

நம் சட்டம் தெருவாயிலைப் பூட்டியிருக்கின்றது. கருவியைத் தொடுதற்கு மருத்துவப் பட்டமும், அதற்குமேல் உரிய பயிற்சியும் வேண்டும். 2012-இல் திருத்திய விதியின்படி, தூக்கிச் செல்லத்தக்க கருவியைப் பதிவுபெற்ற இடத்தினுள்ளேயோ நடமாடும் முழு மருத்துவ ஊர்தியிலோ அன்றிப் பயன்படுத்தலாகாது. அவ்விதி வந்த காலத்தில் அது தக்கதே. மாராட்டியத்துக் கோலாப்பூரில் ஏறத்தாழ அதே காலத்தில் மணிப்பூட்டு முறையைக் கையாண்டனர்: ஒவ்வொரு ஸ்கேனின் படங்களையும் தானே பதிந்துவைக்கும் சிறு பெட்டியைக் கருவியோடு இணைத்தனர். அதுவும் ஒருவழி. ஆயின் வீட்டில் திருடன் நாடுவது பெட்டியிலுள்ள நகையை. அதற்காக அடுக்களையையும் பூட்டி, உள்ளிருப்பார் பட்டினி கிடப்பரோ?

பட்டினி என்றது வெறுஞ்சொல்லன்று. உலகச் சுகாதார நிறுவனம் 2016-இல், கருவுற்றார் ஒவ்வொருவர்க்கும் 24 வாரத்திற்குள் ஒருமுறையேனும் ஸ்கேன் வேண்டும் என்று பரிந்துரைத்தது. கருவின் வயது தெரியாவிடின் குழந்தை குறைமாதத்ததோ, நாள் கடந்ததோ என்று தெரியாது. நச்சுக்கொடி கருப்பை வாயை அடைத்துக் கிடப்பதும் இரட்டைப் பிள்ளையும் முன்னரே தெரிந்தால், தாய் பிழைப்பாள்; பேறுகாலத்தன்று தெரிந்தால் ஐயமே. திண்டுக்கல் நகரத்தார்க்கு இதில் முட்டுப்பாடில்லை. 2022-இல் திறந்துவைத்த அரசு மருத்துவக் கல்லூரி அருகிலிருக்கின்றது. தனியார் நிலையங்களும் பல. சிறுமலையிலுள்ளார்க்கோ பதினெட்டுக் கொண்டையூசி வளைவுகள் இறங்கி வருதல் வேண்டும். சமவெளியிலும், நூலாலையில் நாட்கூலி வாங்கும் மகளுக்கு ஒருநாள் ஸ்கேன் என்பது ஒருநாட் கூலி. கிராமச் செவிலியார் அவள் வீட்டு வாயிலுக்கே வருகின்றார், குருதியழுத்தம் பார்க்கின்றார், வயிற்றைத் தொட்டுப் பார்க்கின்றார். அந்தக் கையுறுப்பு ஒன்று மட்டும் அவர் பையில் இருத்தல் கூடாது.

இன்று அது பையில் அடங்கும். பீங்கானை விட்டுச் சிலிக்கன் சில்லின்மேல் ஆயிரக்கணக்கான நுண்முழவுகளை எழுப்பி, கைப்பேசியோடு இணைக்கும் கையுறுப்பு 2017-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. அதனினும் எனக்கு முதன்மையாகத் தோன்றுவது 2022-இல் வெளிவந்த ஓர் ஆய்வு. சாம்பியா நாட்டிலும் அமெரிக்க வட கரோலினாவிலும் எடுத்த ஸ்கேன்களைக் கொண்டு கணிப்பொறியைப் பயிற்றினர். பின்னர், ஸ்கேன் கல்லாதார் ஒருவர் விலை குறைந்த கையுறுப்பை வயிற்றின்மீது மேலுங்கீழும் குறுக்கும் நெடுக்கும் குருட்டாம்போக்கில் இழுக்க, கணிப்பொறி கருவின் வயதைத் தேர்ந்தார் கணிப்பிற்கு ஒப்பவே கூறிற்று. இழுத்தார்க்குப் படத்தை அறியும் திறன் வேண்டியதில்லை. வேண்டியதில்லை எனின், படத்தைக் காட்டவும் வேண்டியதில்லை அன்றோ?

என் கருத்து இங்கேதான் நிற்கின்றது. படமே காட்டாத கருவியொன்று செய்யலாம். கருவின் வயது இத்துணை வாரம், நெஞ்சத்துடிப்பு உண்டு, குழந்தை ஒன்று, அல்லது இரண்டு, நச்சுக்கொடி மேலே, அல்லது கீழே, உடனே மருத்துவரிடம் செல்க, அல்லது வேண்டா. இவ்வளவே அதன் திரையில் எழுத்தாக வருதல் வேண்டும். எதிரொலிகள் கணிப்பினுள்ளே புகுந்து அங்கேயே அழிதல் வேண்டும். ஆண், பெண் என்னும் சொல் மனிதக் கண்ணிலேதான் பிறக்கின்றது என்று முன்னர்க் கூறினேன். கண்ணுக்கு இரை இல்லையேல் அச்சொல் பிறவாது. பெட்டிக்கு மட்டும் பூட்டு, அடுக்களை திறந்திருக்கும்.

‘எந்தப் பூட்டையும் திறக்கக் கள்வன் உளன்’ என்று என் தோழி ஒருத்தி மறுத்தாள். உண்மை. அக்கருவியைப் பிரித்துப் படத்தை வெளிக்கொணரும் வல்லவன் இருப்பான். ஆயின் அவனுக்கு அத்துணை உழைப்பு ஏன்? பணத்திற்காகச் சொல்லிவிடும் நிலையமொன்றைத் தேடிப்போதல் அவனுக்கு எளிது. அதனைத் தடுக்க இப்போதைய சட்டம் இருந்தபடியே இருக்கட்டும் என்றே யானும் கூறுகின்றேன். கணிப்பொறி பிழைபடாதோ என்பது இன்னொரு தடை. இதுவே வலிய தடை. ஆப்பிரிக்கத் தாய்மாரிடத்தும் அமெரிக்கத் தாய்மாரிடத்தும் சோதித்தது நம் தாய்மாரிடத்துச் செல்லும் என்று வாளா கொள்ளலாகாது. இங்கே, இம்மண்ணில், தேர்ந்த மருத்துவர் ஒருவர் பக்கத்திலிருந்து ஒப்பிட்டுப் பார்க்கச் சோதித்தல் வேண்டும்.

ஸ்கேன் நிலையத்துச் சுவரில் ‘கருவிலுள்ள குழந்தை ஆணா பெண்ணா எனத் தெரிவித்தல் குற்றம்’ என்னும் பலகையைச் சட்டம் கட்டாயமாக்கியுள்ளது. என் தமையனார் மனைவியாரோடு சென்றபோது அதன்கீழேதான் இருவரும் அமர்ந்திருந்தோம். கருவி எதைச் சொல்லாது என்று கூறும் அப்பலகையின் அருகே, அது எதைச் சொல்லும், ஒலி எங்ஙனம் போய்வருகின்றது, கூழ் எதற்கு, கதிர்வீச்சு இதில் இல்லை என்றெல்லாம் பத்து வரி எழுதிய இன்னொரு பலகை இருப்பின் யாருக்கு இழப்பு? அதனை எழுதும் வேலையைத் தமிழ்த்துறை ஏற்கட்டும். பிழை திருத்தும் வேலையைப் பௌதிகத்துறை ஏற்கட்டும். விடுமுறை நாட்களிற் செய்து முடிக்கத்தக்கது.

மற்றையது அரசினர் கையிலுள்ளது. மாற்றவேண்டுவது சட்டத்தின் உயிரையன்று. கருவி யார் கையில், எங்கே இருக்கலாம் என்னும் விதியில் படங்காட்டாக் கருவிக்கு ஒரு விலக்கு மட்டுமே. விலக்குக்கு முன் சோதனை வேண்டும். சோதனைக்கு மலையும் சமவெளியும் நகரும் அருகருகே அமைந்த ஒரு மாவட்டம் வேண்டும். சிறுமலையும் வேடசந்தூரும் நகர மருத்துவமனையும் ஒரே மாவட்ட ஆட்சியின்கீழ் இருத்தலின், அதனைத் திண்டுக்கல்லிலேயே தொடங்குக என்பது என் விண்ணப்பம்.